தண்ணீர் படாத கலங்கல்

1

இது திருட்டுக் கதை. ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கழுத்தை நீட்டிக் கூச்சமே இல்லாமல் எடுத்துக்கொண்டேன். முக்கால் பாகம் வந்தபோது அவள் முறை வந்துவிட்டது. இரண்டு கட்டு ரொட்டியை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கதையின் முடிவையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே ஓடிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். என் முழங்காலைக் கேளுங்கள், அது பதில் சொல்லும்.

ஆகவே கண்ணுகளா, என்னிடம் முக்கால் கதைதான் இருக்கிறது. அதிலும் பாதி நான் கட்டியது. ஊர்ப் பெயரும் நான் வைத்ததுதான்: அயின் தூத். இந்த அரபி நாட்டில், பத்ரூன் என்ற கடலோர ஊருக்கு மேலே, மலையில் ஆப்பிள் தோட்டங்கள் தொடங்கும் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், நியாயமான கேள்வி. இந்தக் கதைக்காக ஒரு கோப்பை குடித்துப் பார்த்தேன். வீட்டில் ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது கோப்பையும் ஆராய்ச்சிதான்.

2

முதல் தொடக்கம்: அன்று காலை தானியூஸ் கண்விழித்தபோது மலைமுகட்டில் பனி

(கதை நடப்பது ஆகஸ்டில். ஆகஸ்டில் பனியை எங்கே போய்த் தேடுவேன்?)

இரண்டாம் தொடக்கம்: ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த நிலப்பரப்பின் மக்கள் வாற்கோதுமையை ஊறவைத்து

(பீரைப் பற்றிப் பேச வந்த ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் இந்தக் காலத்துக்கு வந்து சேர்வதற்குள் கோப்பை வெந்நீராகிவிடுகிறது.)

மூன்றாம் தொடக்கம்: நஜ்லா அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

இது இருக்கட்டும். இதில் ஒரு பொம்பளை இருக்கிறாள், ஒரு பாட்டில் இருக்கிறது, ஒரு பிடிவாதமும் இருக்கிறது. கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

3

நஜ்லா அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. மே மாதம் அவள் புருஷன் தானியூஸ் அதை அவளிடம் கொடுத்து, "இது உன்னோடது, மொத பாட்டில்" என்றான். அவள் வாங்கி, நிலவறை மாடத்தில், ஊறுகாய்ச் சாடிகளுக்குப் பின்னால் நட்டமாக நிறுத்தினாள். மூன்று மாதமாக அது அங்கேயே நின்றது.

தானியூஸ் நாற்பது வருஷம் குளிர்பெட்டி ரிப்பேர் செய்தவன். போன குளிர்காலத்தில் மூத்த மகன் சர்கிஸைப் பார்க்க இருவரும் மான்ட்ரியால் போனார்கள். அங்கே கீழ்வீட்டுத் தாடிக்காரன் ஒருவன் சமையலறையில் பெரிய பானை வைத்து பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவனுக்கு அரபி தெரியாது, இவனுக்கு அரபியைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் இருவருக்கும் வெப்பமானி பார்க்கத் தெரியும். அதை வைத்தே மூன்று மாதம் பேசிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது தானியூஸ் இரண்டு ஈஸ்ட் பொட்டலங்களைக் காலுறைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தான்.

நஜ்லா அங்கிருந்து கொண்டுவந்தது வேறு. மூன்று வயதுப் பேத்தி மாயாவைத் தூக்கித் தூக்கி இடது தோளில் வந்த வலி. அது போகவே இல்லை. போகவும் வேண்டாம் என்று இருந்தாள்.

அயின் தூத்தில் குடிப்பவர்கள் அரக் குடிப்பார்கள். தெளிவாக இருக்கும் சோம்புச் சரக்கு. தண்ணீர் பட்ட நிமிஷம் பால் போல வெளுக்கும். வெயில் அதிகமானால் கடை பீரை உப்பும் எலுமிச்சையும் போட்டு ஒரு வாய். அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது. தானியூஸ் தன் சொந்த நிலத்துக் கோதுமையும் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டுக் காய்ச்சிய பீரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒருவருக்கு வயிற்றுப் புண். ஒருவர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார், மறுநாள் அவர் வீட்டு ரோஜாச் செடியடியில் நுரை தெரிந்தது.

ஜூலையில் சர்கிஸ் போனில் வந்தான். "ம்மா, நீங்க இங்க வந்து எங்களோட தங்கறதுக்குப் பேப்பர் எல்லாம் ரெடி. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்."

போனை வைத்ததும் சண்டை.

"நான் வரல," என்றான் தானியூஸ். "அங்க நான் யாரு? சர்கிஸோட அப்பா. வாயில்லாத அப்பா."

"இங்க மட்டும் நீ யாரு?* ரெண்டு மாசமா தூக்கிட்டுத் திரியற. ஒரு மனுஷன் வாயில வெச்சானா?"

"வெப்பாங்க."

"எப்ப? நீ செத்த நாப்பதாம் நாள் சாப்பாட்டுலயா?"

"மாதா திருவிழாவுக்கு. ஒரு பீப்பாய் வெக்கிறேன். சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள காலி ஆச்சுன்னா இங்கயே இருக்கோம்."

"மிச்சம் இருந்தா?"

"கையெழுத்துப் போடறேன்."

"உன் வாயில ஒரு சொட்டு போகக்கூடாது. கீழயும் ஊத்தக்கூடாது. மண்ணு குடிச்சா கணக்கு இல்ல, சொல்லிட்டேன்."

கைகொடுத்துக்கொண்டார்கள். நஜ்லாவுக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம். பந்தயம் கட்டும்போதே ஜெயித்தவள் அவள்.

* இங்கே பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லி, நீ வா போ என்றுதான் பேசுவாள். தமிழில் எழுதும்போது முதல் பக்கத்தில் என் கை கூசியது. இரண்டாம் பக்கத்தில் நானும் அவனை ‘அவன்' என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கு இளையவன்தானே.

4

இங்கே ஒரு சங்கடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நஜ்லாவை முதலில் நான் நச்சரிப்புக்காரியாக எழுதினேன். அதில் ஒரு பத்தி இப்படிப் போனது: அவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள், பாவம் தானியூஸ் தலைகுனிந்து

அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ‘பேத்தியைப் போன் கண்ணாடியில முத்தம் கொடுத்துப் பாத்திருக்கியா நீ? நாக்குல தூசிதான் ஒட்டும்' என்றாள். நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்க் காபி போட்டேன்.

அப்படியானால் தானியூஸ்தான் கெட்டவனா? அவனையும் முயன்று பார்த்தேன். வீடு வீடாகப் பாட்டிலோடு நிற்கும் அறுபத்துநாலு வயது ஆளை எப்படிக் கெட்டவனாக்குவது?

சரி, கெட்டவனை வெளியிலிருந்து கொண்டுவருவோம் என்று நஜ்லாவின் அண்ணன் அபு நஸ்ரியைக் கூப்பிட்டேன். ஊரிலேயே நல்ல அரக் அவர் வடிப்பதுதான். மீசை காது வரை. இவர் போதும் என்று நினைத்தேன். இவரும் என்னை ஏமாற்றினார், பொறுங்கள், வரும்.

(பாதிரியார் அபூனா மத்தாவைக் கதையில் வைக்கவா வேண்டாமா என்று யோசித்து எடுத்துவிட்டேன். ஓசியில் குடிக்கக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அவரே வந்து உட்கார்ந்துகொண்டார்.)

5

மாதா திருவிழா. பூசை முடிந்தது. கோயில் முற்றத்து வால்நட் மரத்தடியில் நீள மேசை, மேலே பொடியாக நறுக்கிய கீரைத் தபூலே, பூண்டு விழுது, அத்திப்பழம், கல்லில் இடித்த பச்சைக் கறி. ஒவ்வொரு வீட்டு அரக்கும் அதனதன் பாட்டிலில். மேசையின் கடைசியில், ஐஸ் நிரப்பிய தொட்டிக்குள், குழாய் வைத்த நாற்பது லிட்டர் பீப்பாய். பக்கத்தில் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, மாப்பிள்ளை மாதிரி தானியூஸ்.

மச்சானுக்கு முதல் மரியாதை. ஒரு கண்ணாடிக் கோப்பை நிறையப் பிடித்து அபு நஸ்ரி முன்னால் வைத்தான். வைக்கோல் நிறம், மேலே இரண்டு விரல் நுரை, உள்ளே மேகம் போலக் கலங்கல்.

அபு நஸ்ரி கோப்பையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு மேசையில் வைத்தார்.

"மாப்ளே. இதுல யாரு தண்ணி ஊத்தினது?"

மேசையில் அத்தனை தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. அரக்கில் தண்ணீரை விருந்தாளிதான் ஊற்றிக்கொள்வான், தன் வாய்க்கு ஏற்ற அளவில். வீட்டுக்காரன் முன்கூட்டியே கலந்து வைத்தான் என்றால், வந்தவனைக் கஞ்சத்தனமாக ஏமாற்றினான் என்று அர்த்தம். இந்த ஊரில் இதைவிட மோசமாக ஒருவனைச் சொல்ல முடியாது.

"யாரும் ஊத்தல மச்சான். இது இயற்கையாவே இப்பிடித்தான். கோதுமை பீர். ஈஸ்ட் உள்ள மிதக்கும்."

"நான் அம்பத்தஞ்சு வருஷமா குடிக்கிறேன்டா. தண்ணி படாம எதுடா வெளுக்கும்?"

"வேணும்னா தண்ணி ஊத்திப் பாருங்க, இதுக்கு மேல வெளுக்காது!"

அபு நஸ்ரி கூஜாவை எடுத்து ஊற்றினார். வெளுக்கவில்லை.

"பாத்தியா," என்றார் எல்லாரையும் சுற்றிப் பார்த்து. "ஏற்கனவே வேணுங்கற அளவு இருக்கு. அதான் வெளுக்கல."

இந்தத் தர்க்கத்தை உடைக்க அபூனா மத்தாவாலேயே முடியவில்லை. அவர் அதற்கு முயலவும் இல்லை, கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு மேசை நெடுக ஓடியது. (இங்கே மூத்த மகன் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்: அப்பா அபு சர்கிஸ், அம்மா உம் சர்கிஸ்.) "அபு சர்கிஸ் தண்ணி கலந்துட்டானாம்." "கனடா போய்ட்டு வந்தாலே கை சுருங்கிடும்." "ரிப்பேருக்கு வந்தப்பவே பாதி கேஸைத்தான் நிரப்புவான்." பேச்சு மேசையின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தானியூஸ் ஓடையிலிருந்தே குழாய் போட்டு பீப்பாயை நிரப்பியிருந்தான்.

பிற்பகல் இரண்டு மணி. பீப்பாயிலிருந்து போனது ஒரே ஒரு கோப்பை. அதுவும் தண்ணீரோடு அப்படியே நின்றது.

நஜ்லா ஜெயித்துவிட்டாள். இங்கேயே கதையை முடித்திருந்தால் எனக்கும் கை வலி மிச்சம். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து அத்திப்பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜமீலே அவள் காதருகே குனிந்தாள்.

"உம் சர்கிஸ், தப்பா எடுத்துக்காத. வீட்டுல கஷ்டமா? கஷ்டம்னா சொல்லலாமே. தண்ணி கலந்தா வெக்கணும்?"

நஜ்லா அத்திப்பழத்தைக் கீழே வைத்தாள்.

6

இப்போது அவள் என்ன நினைத்தாள் என்று எழுத வேண்டிய இடம். நான்கு வாக்கியம் எழுதி நான்கையும் அடித்தேன். ‘அவள் நெஞ்சில் முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம்' என்று ஒன்று. சீ. அவளுக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். புருஷன் தோற்கலாம், தோற்கத்தான் வேண்டும் என்று மூன்று வாரமாகக் காத்திருந்தவள். ஆனால் அவள் வீட்டிலிருந்து தண்ணி கலந்த சரக்கு வந்தது என்று ஜமீலே இரக்கப்படுவதா? பேத்தியின் வீட்டுக்குப் போவதென்றாலும் இந்தப் பேச்சைப் பின்னால் விட்டுவிட்டுப் போவதா?

எழுந்தாள். முற்றத்தைக் கடந்தாள். சந்தில் இறங்கினாள். நிலவறைக்குள் போனாள். ஊறுகாய்ச் சாடிகளுக்குப் பின்னால் கைவிட்டு அந்தப் பாட்டிலை எடுத்தாள். குழந்தையைத் தூக்குவது போல நட்டமாகப் பிடித்துக்கொண்டு, ஆட்டாமல், வேகுவேகென்று மேடேறி வந்தாள். பீப்பாய் பக்கம் நின்ற தானியூஸுக்கு அதைப் பார்த்ததும் முகம் விழுந்தது. மூன்று மாதம் கழித்து இப்போதுதான் தெரிந்தது அவனுக்கு: திறக்கவே இல்லை.

"அண்ணே, எந்திரி. இதைப் பாரு."

பாட்டிலை வெயிலில் நீட்டினாள். மூன்று மாதம் அசையாமல் நின்றதில் உள்ளே தங்கம் போலத் தெளிந்திருந்தது. மறுபக்கத்தில் நின்ற ஜமீலேயின் மூக்குகூடத் தெரிந்தது. அடியில் மட்டும் விரல் நகக் கனத்துக்கு வெள்ளை வண்டல்.

"தெளிவா இருக்கா?"

"இருக்கு."

"மூடி இருக்கா? யாராவது திறந்திருக்காங்களா?"

அபு நஸ்ரி மூடியைத் தடவிப் பார்த்தார். "இல்ல."

நஜ்லா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடி வண்டல் புகை மாதிரிக் கிளம்பி, சுழன்று, கீழே இறங்கி, எல்லார் கண் முன்னாலும் அத்தனையும் கலங்கியது. பீப்பாயில் இருந்த அதே மேகம்.

"இப்ப சொல்லு. எந்தப் பக்கமா தண்ணி ஊத்தினேன்?"

கோயில் மணிக்கூண்டில் புறா மட்டும் ஏதோ சொன்னது. (புறா வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கும் திருவிழாதான்.)

"குடு இங்க," என்றார் அபு நஸ்ரி. தோற்றவர் எதையாவது செய்துதானே ஆக வேண்டும். பாட்டிலைப் பிடுங்கி மூடியைப் பல்லாலேயே கடித்துத் திறந்தார்.

"மச்சான், வேண்டாம்!" என்று கத்தினான் தானியூஸ்.

ஆகஸ்டு வெயில், மேட்டுச் சந்தில் ஓட்டம், தலைகீழ்க் குட்டிக்கரணம் எல்லாவற்றையும் தாங்கிய பாட்டில் அது. மொத்தமும் ஒரே மூச்சில் அபு நஸ்ரியின் முகத்தில் வெடித்தது. புருவம், மூக்கு, காது வரை போன அந்த மீசை, எல்லாம் நுரை. நாற்பது பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அபூனா மத்தா மட்டும் அடக்கவில்லை.

அபு நஸ்ரி அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நாக்கை நீட்டி மீசையின் வலது நுனியை நக்கினார். யோசித்தார். இடது நுனியையும் நக்கினார்.

"ஆரஞ்சுத் தோலா?"

"ஆமா மச்சான்."

"பின்னால என்னவோ..."

"கொத்தமல்லி விதை."

"ரொட்டி வாசனை வருது."

"நம்ம ரெண்டு பேரு நிலத்துக்கும் நடுவுல இருக்கற மேட்டுக் கோதுமை."

"அது என் கோதுமைடா திருடா," என்றார் அபு நஸ்ரி. பீப்பாய்ப் பக்கம் கோப்பையை நீட்டினார்.

7

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். எழுத ஆசைதான். ஆனால் குடிக்கிறவர்களை எழுதினால் பக்கம் தள்ளாடும்.

குடிக்கத் தெரியாமல் குடித்தார்கள். அரக் கோப்பையில் விரல் அளவு ஊற்றி, பச்சைக் கறியோடு உறிஞ்சி, ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கோப்பை கேட்டார்கள். "வாய் நிறையக் குடிங்கய்யா, இது மருந்து இல்ல!" என்று தானியூஸ் கெஞ்சினான். ஒருவர் உப்பும் எலுமிச்சையும் போட்டார். அபு நஸ்ரி வீம்புக்கு ஐஸ் போட்டுக்கொண்டார். "கசக்குதே?" என்றது ஒரு குரல். "காபி கசக்கல? அதைக் குடிக்கல?" என்றது இன்னொன்று. ஜமீலே ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்து, "பிடிக்கல" என்று சொல்லி, எவ்வளவு பிடிக்கவில்லை என்று உறுதிப்படுத்த மேலும் மூன்று கோப்பை வாங்கினாள்.

ஐந்தேமுக்காலுக்கு தானியூஸ் பீப்பாயைச் சாய்த்தான். குழாய் இருமியது. ஒரு கோப்பை நிரம்பியது. அதோடு காற்றுதான் வந்தது.

மணி அடிப்பவர் வாயைத் துடைத்துக்கொண்டு கயிற்றை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"கொண்டா," என்று அபு நஸ்ரி கையை நீட்டினார்.

தானியூஸ் கோப்பையின் வாயைக் கையால் மூடினான். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து நஜ்லாவின் முன்னால் வைத்தான்.

"இது உன்னோடது. மொத பாட்டிலைத்தான் உங்கண்ணன் மூஞ்சி குடிச்சிடுச்சே."

நஜ்லா கோப்பையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"உனக்குப் பைத்தியமா? அண்ணன் குடிச்சிருந்தா நீ ஜெயிச்சிருப்ப."

"தெரியும்."

"நான் குடிக்கலன்னா கையெழுத்துப் போடணும்."

"பேனா சட்டைப் பையிலயே இருக்கு."

"பின்ன எதுக்குடா எங்கிட்ட குடுக்கற?"

தானியூஸ் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "ஊரே குடிச்சாச்சு. என் வீட்டுல இருக்கறவ இன்னும் குடிக்கல. அப்புறம் நான் யாரை ஜெயிச்சேன்?"

8

ரொட்டி வரிசைக்காரி இந்த இடத்தில்தான் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

நானே முடித்துப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நஜ்லா ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைக் கவிழ்த்தாள். மணி அடித்தது. எல்லாரும்

(எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுதப் போனேன். மான்ட்ரியாலில் ஒரு குழந்தை போனை எடுத்து, "தேத்தா எப்ப வருவா?" என்று பாட்டியைத் தேடிக் கேட்டது. கை நின்றுவிட்டது.)

முடிவு இரண்டு: நஜ்லா கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தாள். தானியூஸ் பேனாவை

(காலியான பீப்பாயை யார் கழுவுவார்கள்? அடுத்த வருஷம் இந்த மேசைக் கோடியில் யார் நிற்பார்கள்? அபு நஸ்ரி ஏற்கனவே அடுத்த தடவை காய்ச்சத் தன் கோதுமையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.)

முடிவு மூன்று: பாதியைக் குடித்துவிட்டு மீதியை வைத்தாள். அபூனா மத்தாவிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

(இது எனக்குப் பிடித்த முடிவு. ஆகவே இதை நம்பக்கூடாது. எழுதுகிறவளுக்கு வசதியாக இருக்கிற முடிவு கதையில் இருப்பவர்களுக்கு வசதியாக இருந்து நான் பார்த்ததில்லை.)

என்னால் முடிந்தது இவ்வளவுதான்: மணி அடிப்பவரை நடுமுற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கயிற்றுக்குப் பத்தடி. ஒரு கால் தூக்கியபடி நிற்கிறார், பாவம், அவரும் நாலு கோப்பை குடித்தவர். நெடுநேரம் நிற்க முடியாது. நஜ்லா கோப்பையைக் கையில் எடுத்துவிட்டாள். மூக்குக்கு நேராக வைத்திருக்கிறாள். ஆரஞ்சுத் தோல் வாசனை முதல் தடவையாக அவளுக்கு எட்டியிருக்கிறது. மூன்று மாதம் தன் நிலவறையில் என்ன நின்றது என்று இப்போதுதான் தெரிகிறது. இடது தோள் வலிக்கிறது. தானியூஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கண்ணுகளா, கோப்பையை அவள் கையில் கொடுத்தவன் அவன். உங்கள் கையில் கொடுக்கிறவள் நான். சீக்கிரம் சொல்லுங்கள். நுரை அடங்குகிறது. இந்த பீர் சூடானால் வாயில் வைக்க முடியாது, ஆராய்ச்சி செய்தவள் சொல்கிறேன்.